ஊர் வீட்டுக்கு ஒரு பெரிய இன்ஜின் கார்: பென்ஸா, பிஎம்டபிள்யூவா, ஜப்பான் வண்டியா?

"அண்ணே, 12 லட்சம் கையில் இருக்கிறது. வீட்டில் புது கிரெட்டா எடுக்கச் சொல்கிறார்கள். பாதிக் காசுக்கு எட்டு சிலிண்டர் வி 8 பென்ஸ் நிற்கிறது. எடுக்கலாமா?"

இந்தக் கேள்வி இந்த வருஷம் மட்டும் மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. ஒருவர் தேவகோட்டை, ஒருவர் கானாடுகாத்தான். மூன்றாமவர் எங்கள் பள்ளத்தூர் அயித்தான். ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டவர். கதை ஏறக்குறைய ஒன்றுதான். வேலை சென்னையிலோ சிங்கப்பூரிலோ. ஊரில் பெரிய வீடு, பின்தெருவைப் பார்த்து வண்டிக் கொட்டகை. படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், கோயில் திருவிழா என்று வருஷத்தில் நாலைந்து முறை வருவார்கள். அன்றைக்கு வாசலில் கௌரவமாக ஒரு வண்டி நிற்க வேண்டும். அப்பத்தா பின் சீட்டில் முழங்கால் இடிக்காமல் உட்கார வேண்டும்.

ஆசையில் தப்பில்லை. புதிதில் கோடியைத் தொட்ட வண்டி, பதினைந்து வருஷம் கழித்து ஸ்விஃப்ட் விலைக்கு வருகிறது என்றால் யாருக்குத்தான் கை அரிக்காது? ஆனால் வண்டியின் விலை மட்டும்தான் இறங்குகிறது. அதன் உதிரி பாகங்கள் இன்னும் கோடி ரூபாய் வண்டியின் பாகங்கள்தான்.

## எதை வைத்து எடை போடுவது?

எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ். அதை இங்கேயே முடித்துவிடலாம். ஊர் வண்டி வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். வி 8 கார் சராசரியாக லிட்டருக்கு 7 கிலோமீட்டர் கொடுத்தால் 570 லிட்டர் ஆகும். லிட்டர் 102 ரூபாய் என்றால் 58,000 ரூபாய். லிட்டருக்கு 16 கொடுக்கும் சின்ன வண்டிக்கு 25,500. வித்தியாசம் வருஷத்துக்கு 33,000 கூட இல்லை. பெட்ரோல் செலவால் இந்தக் கார்களை விற்றவர்கள் குறைவு. மற்ற செலவுகள்தான் ஆளைச் சாய்ப்பவை.

காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் இறக்குமதி வண்டி என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது சாதாரணக் காருக்கு மத்திய அரசின் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதியான காருக்கு 40,000. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 வருஷம் தாண்டினால் சாதாரணக் காருக்கு 10,000, இறக்குமதிக்கு 80,000. ஜி.எஸ்.டி. தனி, பசுமை வரி தனி. 5 வருஷத்துக்கு ஒருமுறை இது திரும்பி வரும். 6 லட்ச ரூபாய்க்கு வாங்கிய காருக்கு 80,000 ரூபாய் புதுப்பிப்புக் கட்டணம் என்று விற்கிறவர் வாயைத் திறந்து சொல்லவே மாட்டார். புனேயிலோ சென்னைப் பக்கத்திலோ பாகங்களைப் பூட்டி முடித்த அதே மாடல் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே மாடல் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஆர்.சி.யைப் பாருங்கள்.

வெளி மாநில வண்டி என்றால் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்றோடு இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு ஆயுள் வரி 20 விழுக்காடு. பழைய வண்டிக்கு வயதுக்குத் தக்கபடி குறையும் என்றாலும், டெல்லிக் காரின் மலிவு விலையில் பாதியை இது தின்றுவிடலாம். 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு டெல்லியில் தடை வந்த பிறகு அங்கிருந்து தெற்கே இறங்கிய வண்டிகள் ஏராளம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரியைக் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இன்னோவாவையும் ஸ்விஃப்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற கைகள் காரைக்குடியில் உண்டு. ஜெர்மன் காரின் பிழைகளை முழுசாகப் படிக்கிற ஸ்கேனர் வேண்டுமென்றால் மதுரை, இல்லை திருச்சி. இரண்டுமே சுமார் 90 கிலோமீட்டர். அங்கேயும் இருபது வயது வண்டியைப் பார்த்தால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். பழைய ஜெர்மன் வண்டிக்கென்றே இருக்கும் தனி மெக்கானிக்குகள் பெரும்பாலும் சென்னையிலும் கோவையிலும்தான். லாரி மேல் ஏற்றி அனுப்புகிற செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நின்றால் தாங்குமா? செட்டிநாட்டைப் பொறுத்தவரை எனக்கு இதுதான் முதல் கேள்வி. சென்னைக்காரர் தினமும் ஓட்டித் தேய்க்கிற வண்டி வேறு, மூன்று மாதம் பூட்டிய கொட்டகையில் நின்றுவிட்டுக் கல்யாணத்தன்று காலை கிளம்ப வேண்டிய வண்டி வேறு. நிற்கிற வண்டியில் பேட்டரி இறங்கும், ரப்பர் காயும், டயர் ஓர் இடத்தில் அமுங்கும், எலி ஒயரைக் கடிக்கும். எங்கள் பக்க வெயிலுக்கு ரப்பர் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருகிற 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கில் மாதக்கணக்கில் கிடப்பது, அதற்காக வடிவமைக்காத பழைய ரப்பர் குழாய்களுக்கு நல்லதல்ல.

பெரிய இன்ஜினைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தக் காலத்து வி 8, வி 6 இன்ஜின்கள் இந்த வண்டிகளிலேயே உறுதியான பாகம். உயிரை வாங்குவது அதைச் சுற்றி இருக்கிற, ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப்பை, பிளாஸ்டிக் குழாய், கம்ப்யூட்டர் பெட்டி.

## பென்ஸ் எஸ் கிளாஸ் (எஸ் 500)

டபிள்யூ 220 என்கிற தலைமுறை 1998 முதல் 2005 வரை வந்தது. 4966 சிசி, 306 குதிரைத்திறன். எம் 113 என்கிற இந்த வி 8 இன்ஜினைப் பற்றி ஒரு மெக்கானிக்கும் குறை சொல்லிக் கேட்டதில்லை. ஆயிலை ஒழுங்காக மாற்றினால் 3 லட்சம் கிலோமீட்டர் சாதாரணம். வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவதற்கு டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலிதான். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் என்பதால் மொத்தம் 16 பிளக். மாற்றப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது, பில்லைப் பார்த்து மயங்க வேண்டாம். 5 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும் உழைப்பாளி.

இப்போது காற்றுப்பைக்கு வருவோம். இந்த வண்டியில் ஸ்பிரிங் இல்லை, நாலு சக்கரத்துக்கும் காற்று சஸ்பென்ஷன். அப்பத்தாவுக்கு மேகத்தில் போவது மாதிரி இருக்கும். ஆனால் ரப்பர் பையில் மயிரிழை விரிசல் விட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று இறங்கி, காலையில் வண்டி கொட்டகையில் எருமை மாதிரிப் படுத்துக் கிடக்கும். கிளப்பினால் கம்ப்ரஸர் மூச்சு வாங்கி மறுபடி தூக்கும். இப்படியே தினமும் தூக்கித் தூக்கிக் கம்ப்ரஸரும் எரிந்துபோகும். ஒரு பையில் ஆரம்பித்த வேலை நாலு பையும் கம்ப்ரஸரும் என்று முடிகிறபோது வண்டி விலையில் கணிசமான பங்கு போயிருக்கும். கம்பெனி பாகம் தவிர்த்து வெளிச் சந்தைப் பாகம் போட்டால் பாதியில் முடிக்கலாம். அதன் ஆயுளும் அதற்கேற்றபடி.

அடுத்த தலைமுறை டபிள்யூ 221. இதில் எஸ் 500 என்றால் 5461 சிசி. பார்க்க இன்றைக்கும் பழசாகத் தெரியாது. 2006, 2007 வண்டிகளின் வி 8இல் டைமிங் சங்கிலியை வழிநடத்தும் பல்சக்கரம் தேய்கிற குறை உண்டு. சரிசெய்ய இன்ஜினின் முன்பகுதியைக் கழற்ற வேண்டும், வேலைக்கூலியே வயிற்றைக் கலக்கும். இந்தத் தலைமுறைதான் வேண்டுமென்றால் 2008க்குப் பிந்தையதைத் தேடுங்கள்.

எப்போது இது சரியான தேர்வு? ஊரிலேயே குடியிருந்து, வாரம் இரண்டு முறையாவது வண்டியை எடுப்பவருக்கு. மதுரையிலோ திருச்சியிலோ நம்பகமான ஒரு மெக்கானிக்கை வண்டி வாங்கும் முன்பே பழக்கம் பிடித்து வைத்திருப்பவருக்கு.

## பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் (745, 750)

2001இல் வந்த தலைமுறை இது. நீளமான உடம்புள்ள 745 எல்.ஐ. வண்டியில் 4398 சிசி வி 8, 333 குதிரை. பிறகு வந்த 750 எல்.ஐ.யில் 4799 சிசி. ஓட்டுகிறவருக்கு பென்ஸைவிட இதுதான் இனிக்கும், ஒப்புக்கொள்கிறேன். முன்னால் சாதாரண ஸ்பிரிங், காற்றுப்பை இருந்தாலும் பின்னால் மட்டும். அந்த வகையில் பென்ஸைவிடத் தேவலை. சென்னைக்கு அருகே இந்தக் கம்பெனியின் ஆலை திறந்ததே 2007இல்தான். அதற்கு முந்தைய 7 சீரிஸ் எது கண்ணில் பட்டாலும் கடல் தாண்டி வந்தது என்று வைத்து, புதுப்பிப்புக் கட்டணத்தையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் 62 என்கிற இந்த இன்ஜினுக்கு மூன்று வியாதி. இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவே ஓடும் கூலன்ட் குழாயின் சீல் கசியும். ஆல்டர்னேட்டர் பிராக்கெட் கேஸ்கட்டில் ஆயில் ஒழுகும். மூன்றாவது, வால்வ் தண்டின் சீல்கள் இறுகிப்போய் ஆயிலை உள்ளே விடும். இந்த மூன்றாவதன் குணம் விசித்திரம். நெடுஞ்சாலையில் ஒன்றுமே தெரியாது. பத்து நிமிஷம் ஐட்லிங்கில் நின்று, பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து நீலப் புகை கிளம்பும்.

அயித்தான் சூடுபட்டது இதில்தான். பெரிய ஊரில் ஒரு டீலரிடம் 745 எல்.ஐ. வாங்கினார். புறவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தார், வெண்ணெய் மாதிரி ஓடியது. நாலு மாதம் கழித்து எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு. நாதஸ்வரத்துக்குப் பின்னால் வண்டி அரை மணி நேரம் நின்று நின்று ஊர்ந்தது. வீட்டு வாசலில் திரும்புவதற்காக அயித்தான் கொஞ்சம் மிதித்தார். தெருவே நீலமாகிவிட்டது. "மாப்பிள்ளைக்குச் சாம்பிராணி போட்டாச்சுடோய்" என்று ஒரு கிழவர் சொன்னதை இன்றைக்கும் பள்ளத்தூரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். டீலர் ஏன் புறவழிச்சாலைக்கே கூட்டிப்போனார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

இந்த வண்டியின் மின்னணுப் பெட்டிகள் பூட்டிய பிறகும் சில சமயம் தூங்காது. இரண்டு வாரத்தில் பேட்டரி காலியாகிவிடும். பேட்டரி மெயின்டெய்னர் என்கிற சின்னச் சார்ஜரை மாட்டி வைக்கலாம், கொட்டகையில் மின்சாரம் இருந்தால்.

யாருக்கு ஏற்றது? கோவையிலோ சென்னையிலோ இருந்துகொண்டு, வண்டியையும் அங்கேயே வைத்து, ஊருக்குத் தானே ஓட்டி வருபவருக்கு. இந்த வண்டியை ஊர்க் கொட்டகையில் நிறுத்துவதற்கென்று வாங்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

## ஹோண்டா அக்கார்டு வி 6

பேரைக் கேட்டதும் உதடு பிதுங்கும், தெரியும். ஆறு சிலிண்டர்தான், வாசலில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் 2997 சிசி பழைய மாடலும், 2008க்குப் பிறகு வந்த 3471 சிசி, 275 குதிரைத்திறன் மாடலும் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், இந்த வண்டி எவ்வளவு அமைதியாகப் பொய் சொல்கிறது என்று. ஸ்பிரிங் சஸ்பென்ஷன். எந்த ஊர் மெக்கானிக்கும் பிரேக், புஷ், பேரிங் வேலையைப் பயமில்லாமல் செய்வார். மூன்று மாதம் நின்றாலும் ஒரு நல்ல பேட்டரி மாட்டினால் எழுந்து நிற்கும்.

மறைந்திருக்கும் செலவு டைமிங் பெல்ட். இது கிலோமீட்டர் கணக்கில் மட்டுமில்லை, வருஷக் கணக்கிலும் கிழடாகும். "அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு, பெல்ட்டைத் தொடவே வேண்டாம்" என்று விற்கிறவர் சொல்வார். பன்னிரண்டு வருஷப் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் கதை முடிந்தது. வாங்கிய முதல் வாரத்தில் பெல்ட், வாட்டர் பம்ப், டென்ஷனர் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். அப்புறம் முகப்புக் கண்ணாடி, ஹெட்லைட், பம்பர் மாதிரி உடம்புப் பாகங்கள் கிடைப்பது சிரமம். நாலு சிலிண்டர் அக்கார்டின் பாகம் பலவும் பொருந்தும் என்பது ஆறுதல்.

## சிங்கப்பூரில் இருப்பதை இங்கே கொண்டுவந்தால்?

அங்கே பத்து வருஷத்தில் உரிமம் முடிந்து நல்ல லெக்சஸும் பென்ஸும் கழிவுக்குப் போவதைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் நம்மில் நிறைய. போதாததற்கு நம்மூர் மாதிரியே வலது பக்க ஸ்டியரிங். ஆனால் சட்டம் இடம் கொடுக்காது. பழைய காரை இறக்குமதி செய்ய, அது உற்பத்தியாகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். சுங்கவரி காரின் விலையையே தாண்டும். பத்து வருஷ வண்டிக்கு வழியே இல்லை.

அதனால் இங்கே பழைய லெக்சஸ் எல்.எஸ். 430 ஒன்று விலைக்கு வந்தால், அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர் யாரோ கொண்டுவந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். லெக்சஸ் கம்பெனி இந்தியாவுக்கு வந்ததே 2017இல். வண்டி என்ற அளவில் இந்தப் பட்டியலில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. 4293 சிசி வி 8 ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. பெல்ட் விஷயம் மட்டும் அக்கார்டு மாதிரியே. ஆனால் சுங்கத்தில் வரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி நகல் கையில் இல்லாமல் இந்த வண்டியைத் தொடாதீர்கள். பூட்டான் வழியாக வந்ததாகச் சந்தேகப்பட்ட கார்களை 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை வரிசையாகப் பறிமுதல் செய்தது. கடைசியாக யார் வீட்டில் நிற்கிறதோ, வண்டி அங்கிருந்துதான் போகும்.

ஒரு நன்மை உண்டு. காரைக் கொண்டுவர முடியாவிட்டாலும் சென்சார், பம்ப் மாதிரிச் சின்னப் பாகங்களை கோலாலம்பூர் உறவினர் வாங்கித் தரலாம். மலேசியாவில் பாதியாக வெட்டிய ஜப்பான் கார்களின் பாகங்களுக்கென்றே சந்தை இருக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

## ஒரே பார்வையில்

| | பென்ஸ் எஸ் 500 | பிஎம் 745 / 750 | அக்கார்டு வி 6 | லெக்சஸ் எல்.எஸ். 430 |
|---|---|---|---|---|
| இன்ஜின் | மிக உறுதி | சீல், கேஸ்கட் தொல்லை | உறுதி, பெல்ட் வயது பார்க்க | மிக உறுதி, பெல்ட் வயது பார்க்க |
| பெரிய செலவு | காற்று சஸ்பென்ஷன் | வால்வ் சீல், கூலன்ட் குழாய் | உடம்புப் பாகங்கள் | கிடைக்காத பாகங்கள், காகிதம் |
| மூன்று மாதம் நின்றால் | படுத்துவிடும் | பேட்டரி காலி | தாங்கும் | தாங்கும் |
| காரைக்குடியில் வேலை | சில்லறை வேலை மட்டும் | ஏறக்குறைய இல்லை | பெரும்பாலானது நடக்கும் | கொஞ்சம் நடக்கும் |
| பின் சீட் சுகம் | முதலிடம் | நன்று | போதும் | பென்ஸுக்குச் சமம் |

மூன்றாம் நபர் காப்பீடு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: 1500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய். இந்த வயது வண்டிக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## பார்க்கப் போகும்போது

முந்தின நாளே விற்கிறவரிடம் "வண்டியைக் கிளப்ப வேண்டாம், நான் வந்து கிளப்புகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். பென்ஸ் என்றால் நாலு சக்கரத்தின் மேல் விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கிளப்பும் முன் பாருங்கள். பிஎம் என்றால் 15 நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு, டீ குடித்து வந்து, ஆளை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நில்லுங்கள். கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். 2015, 2023 சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஓடோமீட்டரை நம்பாதீர்கள், சர்வீஸ் பில்லில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள். கையில் உள்ளதில் பாதியை வண்டிக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தொடாமல் வையுங்கள். 12 லட்சம் என்றால் 6 லட்சத்து வண்டி.

வாங்கிய பிறகு, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்யச் சொல்வது வீண். எக்ஸாஸ்டில் ஈரம் சேரும், பேட்டரிக்கு இழந்தது திரும்பாது. ஓட்டத் தெரிந்தவரிடம் சாவியைக் கொடுத்துக் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய்வரச் சொல்லுங்கள். போக வர 25 கிலோமீட்டர். பிள்ளையாருக்கும் ஆச்சு, பேட்டரிக்கும் ஆச்சு. அப்படி ஓர் ஆள் இல்லாத வீடு என்றால், கல்யாணத்துக்கு மட்டும் மதுரையிலிருந்து வாடகைக்கு எடுத்துக்கொள்வதே மலிவு.

தேவகோட்டைக்காரருக்கு அக்கார்டைச் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் எடுத்துவிட்டார்; பெல்ட் மாற்றிய பில்லை எனக்குப் படம் பிடித்தும் அனுப்பினார். கானாடுகாத்தான்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊரிலேயே இருக்கிறார், திருச்சியில் மச்சினர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். அவருக்கு எஸ் 500. அயித்தானிடம் ஒரு மணி நேரம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றதெல்லாம் சரிப்பா. கோயம்புத்தூர்ல 760 ஒண்ணு நிக்குதாம். பன்னிரண்டு சிலிண்டர். அது எப்படி?"